விஷய அட்டவணை

சட்டம் தெரியாது என்று சொல்லி எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது என்பது நீதிஸ்தலங்களில் நெடுங்காலமாக வழங்கி வரும் கொள்கை. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 76-வது, 79-வது பிரிவுகளும், ஒரு நிகழ்ச்சியைத் தவறாக உணர்ந்து காரியஞ் செய்தவனுக்கு மன்னிப்புண்டென்றும், சட்டத்தைத் தவறாக உணர்ந்தவனுக்கு அஃதில்லை என்றும் பிரித்தே பேசுகின்றன. கொள்கை நியாயமானதே. இல்லாவிடில் அகப்பட்டுக்கொண்ட ஒவ்வொருவனும் மறுநாளே எழுத்தறியாதவனாகி விடுவான். ஆனால், தெரிந்திருக்க வேண்டுமென்று கட்டளையிடுகிறவர்கள் தெரிந்துகொள்ளும் வழியையும் திறந்து வைக்கவேண்டும் என்ற மறுபாதி இக்கொள்கைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அந்த மறுபாதியைப் பற்றிப் பேசுவோர் அரிது.

அவ்வழி மிகவும் சிறிய பொருள். புத்தகத்தின் கடைசியில், பெரும்பாலோர் புரட்டாத தாள்களில், பொடியெழுத்தில் இரண்டு பத்தியாக அச்சிட்டிருக்கும் விஷய அட்டவணையே அது. இதற்கொரு கட்டுரையா என்று வாசகர்கள் நகைக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் நகைத்திருப்போம்.

காஜாங்கில் நாம் குடியிருக்கும் தெருவுக்கு அப்பால் ஒரு பால்காரப் பெரியவர் இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறிய பின்பு, எஞ்சிய புறம்போக்கில் பத்துப் பன்னிரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு காலந் தள்ளுபவர். ஒரு நாள் மாலை, மழையில் ஊறி மேற்பாதி எழுத்தெல்லாம் கரைந்துபோன மலாய்க் கடிதமொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நம் மேஜைமேல் விரித்தார்.

“தம்பி, மூணு மாட்டப் புடிச்சிக் கட்டிட்டாங்க. எந்தச் சட்டத்துல புடிச்சாங்க, எத்தன நாளைக்குள்ள மீக்கணும், நாளைக்கு எவ்வளவு கட்டணும், பாத்துச் சொல்லுங்க. நீங்க படிச்சவங்க.”

“நாளைக்கே சொல்லிவிடுகிறேன், ஐயா” என்றோம். ஒன்பது நாட்களாயின.

அந்த ஒன்பது நாட்களையும் நாம் எவ்வாறு போக்கினோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மாடு ஒரு பிராணி. ஆகவே கூட்டரசின் 1953-ம் வருஷத்துப் பிராணிகள் சட்டத்தைத் தேடிப் பிடித்தோம். அது நோய்த் தடுப்பையும் இறக்குமதியையும் பற்றி விரிவாகப் பேசிற்று. வேலி தாண்டிய மாட்டைப் பற்றி நமக்கு வேண்டிய பேச்சில்லை. மேய்ந்தது நிலத்தில், ஆகவே 1965-ம் வருஷத்து நிலச் சட்டத்தைப் புரட்டினோம். பிடித்தது ஊருக்குள்; ஆகவே 1976-ம் வருஷத்து ஊராட்சிச் சட்டத்தைப் பார்த்தோம். பிறகு ஒரு சிநேகிதர், “இது மாநிலத்து விஷயமாயிற்றே, கெஜட்டைப் பாருங்கள்” என்றார். ரயிலேறிக் கோலாலம்பூர் சென்று ஒரு நூலகத்தில் சிலாங்கூர் கெஜட்டுகளின் முன் உட்கார்ந்தோம். மாநிலச் சட்டசபை செய்யும் சட்டங்கள் ‘எனாக்ட்மெண்டு’ எனப்படுகின்றன. ஒவ்வொரு வருஷமும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கி, நிறைவேறிய வரிசைப்படி எண்ணிட்டு அவற்றை வெளியிடுகிறார்கள். 2003-ம் வருஷத்து முதலாவது எனாக்ட்மெண்டு இஸ்லாமிய மத நிர்வாகத்தைப் பற்றியது. அடுத்த வருஷத்து முதலாவது வேறெதையோ பற்றியது. தேதி தெரிந்தவனுக்கு அது திறந்த கதவு. மாடு காணாமற்போனவனுக்குத் தெரிந்ததெல்லாம் மாடு ஒன்றுதான்.

கடைசியில் விடை கிடைக்க வழி காட்டியது கெஜட்டும் அன்று, நாட்டின் அரசியல் சட்டமே. அதன் ஒன்பதாம் ஷெட்யூலில் கூட்டரசின் அதிகாரங்கள், மாநிலங்களின் அதிகாரங்கள், இருவர்க்கும் பொதுவானவை என மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. மாநிலப் பட்டியலின் ஐந்தாவது இனத்துக்கு ‘உள்ளூர்த் தன்மையுள்ள பிற சேவைகள்’ என்று பொருள்படும் தலைப்பு. அதன்கீழ் வரிசையாக என்ன இருக்கிறது தெரியுமா? தங்கும் விடுதிகள், புதைகாடு சுடுகாடுகள், மாட்டுப் பவுண்டும் கால்நடை அத்துமீறலும், சந்தைகள், நாடக சினிமாக் கொட்டகைகளின் லைசென்ஸு. ஏழை மனிதனொருவன் வாழ்வில் சர்க்காரை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் அநேகமாக இவ்வளவும் அந்த ஐந்து வரிகளுக்குள் அடங்கிவிட்டன. தந்தையை எரிக்க இடந்தேடும் மகன் எவனாவது ‘பிற சேவைகள்’ என்ற தலைப்பைத் தேடுவானா? தேடமாட்டான். அப்பட்டியலை எழுதியவர்கள் அவனுக்காக எழுதவுமில்லை. அதிகாரத்தைப் பங்கு பிரிப்பதற்காக எழுதினார்கள்.

ஒன்பதாம் நாள் விடையுடன் பெரியவர் வீட்டுக்குப் போனோம். மாடுகள் தொழுவத்தில் நின்றன. ஐந்தாம் நாளே வட்டிக்குக் கடன் வாங்கி, கேட்ட தொகையைக் கட்டி ஓட்டி வந்துவிட்டாராம். கேட்ட தொகை சட்டப்படி சரிதானா என்று அவருக்கும் தெரியாது, அன்றைக்கு நமக்கும் தெரியாது. அவர் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ கொடுத்தார். அந்த டீ நம் தொண்டையில் இறங்கவில்லை.

நிற்க, இக்குறை நம் மாநிலத்துக்கு மட்டும் உரியதென்று வாசகர்கள் எண்ணவேண்டாம். ரோமாபுரிச் சக்கரவர்த்தி கலிகுலா புதிய வரிகளை விதித்துவிட்டு, ஜனங்கள் கூச்சலிடவே, அவ்வுத்தரவைப் பொடியெழுத்தில் எழுதி, எவரும் பிரதியெடுக்க முடியாத இடுக்கில் ஒட்டி வைத்தான் என்று சூட்டோனியஸ் என்னும் சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். இக்காலத்துச் சட்டசபைகளுக்கு அத்தகைய கெட்ட எண்ணம் உண்டென்று நாம் சொல்ல வரவில்லை. கெட்ட எண்ணம் சிறிதுமின்றி, வெறும் எண் வரிசையாலேயே அதே பலன் உண்டாகிவிடுகிறது என்பதே நம் வருத்தம். அரசியல் சட்டத்தின் எட்டாம் ஷெட்யூல், மாநிலச் சட்டம் எதுவும் பிரசுரிக்கப்படும் வரையில் அமலுக்கு வராது என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பிரசுரம் என்பது அச்சிடுவதோடு முடிந்துவிடுகிறதா, படிக்க வேண்டியவன் கையில் அது அகப்படுவதையும் சேர்த்துத்தானா என்று எந்த ஷெட்யூலும் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய வெள்ளைக்கார ஆட்சி இவ்விஷயத்தில் நம்மைக் காட்டிலும் சற்றே ஒழுங்காயிருந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்னும் நான்கும் ஐக்கிய மலாய் நாடுகளாயிருந்த காலத்தில், 1934-ம் வருஷக் கடைசி வரையில் அமலிலிருந்த சட்டங்களைத் திருத்தி 1935-ல் ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். அதில் சட்டங்களுக்கு அத்தியாய எண் இட்டிருக்கிறார்கள். குற்ற விசாரணை முறை 6, தண்டனைச் சட்டம் 45, நிலச் சட்டம் 138, மலாய் ஒதுக்கு நிலச் சட்டம் 142, நம் பாட்டன்மாரின் தலையெழுத்தாயிருந்த தொழிலாளர் சட்டம் 154. நிலத்தைப் பற்றியவை பக்கத்துப் பக்கத்து வீடுகளிலே குடியிருப்பதைக் கவனிக்கவும். சட்டம் பிறந்த தேதியைவிட அது எதைப் பற்றியது என்பதே அங்கு இடத்தை நிர்ணயித்தது. 1968-ம் வருஷத்துச் சட்டத் திருத்தப் பதிப்புச் சட்டத்துக்கு முதலாம் எண் கொடுத்துத் தொடங்கிய இன்றைய கூட்டரசுச் சட்ட வரிசையில் இவ்வழக்கம் இல்லை. வேலை ஒப்பந்தத்தைப் பற்றிய 1955-ம் வருஷத்துச் சட்டம் 265. வேலையாள் குடியிருக்கும் வீட்டைப் பற்றிய 1990-ம் வருஷத்துச் சட்டம் 446. ஒரே தொழிலாளியின் சம்பளத்துக்கும் கூரைக்கும் நடுவே 180 சட்டங்கள் நின்றுகொண்டிருக்கின்றன.

வெள்ளைக்காரனைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. தொழிலாளர் சட்டத்தைச் சுலபமாகக் கண்டுபிடிக்கும்படி வைத்தவன், அதைத் தொழிலாளியின் பாஷையில் வைக்கவில்லை. துரைக்கும் கிராணிக்கும் அகப்பட்டால் போதும் என்று நினைத்திருக்கலாம். இங்கிலாந்திலும் 1870-லேதான் அமலிலுள்ள சட்டங்களுக்கெல்லாம் காலவரிசையும் விஷய அட்டவணையும் சேர்த்து ஒரு புத்தகம் வெளிவந்தது. அதற்கு முன் ஐந்நூறு அறுநூறு வருஷம் அந்நாட்டாரும் இருட்டில் தடவிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பெரியவர் வீட்டு டீக்குப் பிறகு நாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் காலி செய்து, துண்டுச் சீட்டுகளில் அட்டவணை எழுதத் தொடங்கினோம். சிலாங்கூர்ச் சட்டங்கள், அவற்றோடு ஒட்டிய கூட்டரசுச் சட்டங்கள், உபவிதிகள் ஆகியவற்றிலிருந்து காஜாங்கில் வாழும் தமிழனுக்கு வேண்டியவற்றை, தமிழ்த் தலைப்பின்கீழ், எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு என்று குறிப்பது. இவ்வளவே நம் திட்டம். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்றெண்ணினோம். எண்ணியதோடு சரி.

இவ்வேலைக்கு நமக்குக் குருவாக அமைந்தவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனவர். சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்ததற்கு அவருடைய உழைப்பே முக்கிய காரணம். அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகனின் பொழுதை மிச்சப்படுத்து என்பது. ஒன்பது நாட்களை வீணாக்கிய நமக்கு அது சவுக்கடிபோல் பட்டது. அவர் கண்ட சங்கிலி முறை அட்டவணை மிகவும் எளியது. ஒரு பொருளைப் பெரிய வகுப்பிலிருந்து சிறிய வகுப்பு வரையில் சங்கிலிபோல் எழுதி, கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தலைப்பு எழுதிவிடுவது. மாநில அதிகாரம், உள்ளூர்ச் சேவை, பவுண்டு, மாடு. வக்கீல் முதற்கண்ணியைப் பிடித்து வருவார்; பால்காரர் கடைசிக் கண்ணியைப் பிடித்து வருவார். இருவரும் ஒரே இடத்தில் வந்து சேருவார்கள்.

குருவின் முறையைக் கற்ற நாம் அவருடைய புத்தியைக் கற்கவில்லை. ஆறு மாதங் கழித்துப் பெரியவரின் பேத்தி, இடைநிலைப் பள்ளியில் படிக்கும் சிறுமி, டின்னைத் திறந்து ‘மா’ வரிசை முழுவதையும் பார்த்துவிட்டு, “மாமா, மாடே இல்லையே” என்றாள். நாம் எழுதியிருந்தது ‘கால்நடை அத்துமீறல்’. மாடு என்று எழுதுவது கட்டுரைக்கு அழகன்று என்று நம் கை தானாகவே ஒரு நடையைப் பூண்டுகொண்டது போலும். அதே போல் ‘ஈமத்தலங்கள்’ என்று எழுதியிருந்தோம், சுடுகாடு இல்லை. ‘அங்காடிகள்’ என்று எழுதியிருந்தோம். மார்க்கெட்டும் இல்லை, பாசாரும் இல்லை. ஏழைக்குப் புரியாத சட்டத்தை ஏழைக்குப் புரியாத தமிழில் பெயர்த்து வைத்துவிட்டு, தொண்டு செய்துவிட்டோமென்று நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தோம். அன்றிரவே ‘மாடு: பவுண்டு காண்க’ என்று ஒரு சீட்டு எழுதினோம். அதன்பின் தலைப்புகளை நாமே தீர்மானிப்பதை விட்டுவிட்டு, வருகிறவர்கள் என்ன சொல் சொல்லிக் கேட்கிறார்களோ அதை அப்படியே எழுதத் தொடங்கினோம். ‘பெர்மிட்’, ‘சம்மன்’, ‘கிராண்டு’ என்று டின் நிறைந்தது. தூய தமிழ் அன்பர்கள் மன்னிப்பார்களாக.

சில தலைப்புகள் நம்மை வேறு விதமாகத் திணற அடித்தன. ‘கோவில்’ என்னும் சீட்டு அவற்றுள் தலையாயது. தமிழ்நாட்டில் 1959-ம் வருஷத்து 22-வது சட்டம் என்று இந்து அறநிலையங்களுக்கெனத் தனிச் சட்டமே உண்டு. இங்கே, தோட்டத்து லயங்களை இடித்த பிறகு நிலம் யாருடையது என்ற வழக்கில் நிற்கும் அம்மன் கோவிலைப் பற்றிக் கேட்டால், நம் சீட்டு ‘நிலம் காண்க, கட்டடம் காண்க, நகரத் திட்டம் காண்க’ என்று மூன்று வாசல்களைக் காட்டிவிட்டு மௌனமாகிவிடுகிறது. முதலில் இதை நம் அட்டவணையின் குறையென்று எண்ணினோம். அப்படியன்று. ஒரு நல்ல அட்டவணை, சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதையும் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ‘காண்க’ என்ற சொல்லைத் தவிர வேறொன்றுமில்லாத சீட்டைச் சட்டசபை அங்கத்தினர் ஒருவர் பார்ப்பாராயின், அடுத்த கூட்டத்தில் என்ன கேட்கவேண்டுமென்று அவருக்கு வேறெவரும் சொல்லித்தரவேண்டாம்.

எல்லைத் தொல்லை மற்றொன்று. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ந் தேதி சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. பழைய பிராங் பெசார் ரப்பர்த் தோட்டத்தின்மேல் எழுந்த புத்ராஜெயாவும் 2001 பிப்ரவரி 1-ல் அவ்வாறே பிரிந்தது. மாநிலப் பட்டியலின் சுடுகாடும் சந்தையும் பவுண்டும் அங்கே பார்லிமெண்டின் கைக்குப் போய்விட்டன. ஆகவே பிரிக்பீல்ட்ஸிலிருக்கும் அக்காளுக்கும் காஜாங்கிலிருக்கும் தங்கைக்கும் கிள்ளானிலிருக்கும் தம்பிக்கும் ஒரே சீட்டு உதவாது. ஒரே குடும்பம், ஒரே தீபாவளி, இரண்டு சட்டசபைகள். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் ‘சி’ அல்லது ‘கூ’ என்று எழுதிக்கொண்டோம்.

சிலாங்கூர்ச் சட்டசபையின் 56 அங்கத்தினர்களில் ஒருவர் காஜாங்கிலிருந்து போகிறவர். 2014-ல் இங்கே நடந்த இடைத்தேர்தலின்போது நாடே இவ்வூரைத் திரும்பிப் பார்த்தது. கொடி கட்டாத கம்பம் இல்லை. சாத்தே கடைகளில் உட்கார இடமில்லை. யார் முதல் மந்திரியாவார் என்று அனைவரும் பேசினார்கள். அச்சட்டசபை அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2011-ல், மாநில இலாகாக்களிடமிருந்து தகவல் கேட்டுப் பெறும் உரிமையை ஜனங்களுக்கு ஒரு எனாக்ட்மெண்டின் மூலம் கொடுத்திருக்கிறதென்று அன்று மேடையில் எவரும் பேசி நாம் கேட்கவில்லை. அதே வருஷத்தில், வனத்தைப் பற்றிய எனாக்ட்மெண்டைத் திருத்தி, ஒதுக்குக் காட்டை நீக்குமுன் பொதுமக்களைக் கேட்டு விசாரணை நடத்தவேண்டும் என்றும் செய்தார்கள். இவை நல்ல சட்டங்கள். நம் டின்னில் முதலாவது ‘கேள்வி கேட்க’ என்ற தலைப்பிலும், இரண்டாவது ‘காடு’ என்ற தலைப்பிலும் இருக்கின்றன.

இனி, சொல்ல வெட்கப்படும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். காலையில் தோசை சுட்டு விற்கும் ஒரு விதவைச் சகோதரி, தாம் நோயாயிருக்கும் நாட்களில் தமக்கையின் மகனைக் கடையில் உட்காரவைக்கலாமா என்று கேட்டார். சீட்டைப் பார்த்து, “வைக்கலாம், அம்மா” என்றோம். நாம் எழுதியிருந்தது பழைய உபவிதி. அதைத் தள்ளிவிட்டுப் புதியது வந்திருந்தது. அச்செய்தியும் வேறொரு எண்ணின்கீழ் வேறொரு தேதியில் வெளியாகியிருந்தது, நாம் கவனிக்கவில்லை. அவருக்கு அபராதம் விழுந்தது. பாதியை நாம் கொடுக்கப் போனபோது வாங்கிக்கொள்ளவில்லை. “நீங்க எழுதி வச்சிருந்ததாலதானே அண்ணே நம்பினேன்” என்றார், அவ்வளவுதான். வழி தெரியாதவனுக்குத் தவறான வழி காட்டுவதைவிட, தெரியாது என்று சொல்லி அனுப்புவது மேல். அட்டவணை என்பது ஒருமுறை கட்டி முடிக்கும் மண்டபமன்று, நாள்தோறும் பெருக்கவேண்டிய வாசல் என்பது அந்த அபராதச் சீட்டைக் கண்ட பிறகுதான் நமக்கு உறைத்தது. அதுமுதல் ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியை எழுதுகிறோம். ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்ட சீட்டை எவருக்கும் படித்துக் காட்டுவதில்லை.

இக்காலத்தில் கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் சட்டமெல்லாம் வந்து கொட்டுமே, சீட்டு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கொட்டுவது மெய்தான். எந்தச் சொல்லைத் தட்டுவது? பெரியவர் ‘மாடு’ என்று தமிழில் தட்டினால் மலாய் எனாக்ட்மெண்டு வருமா? மலாய்ச் சொல்லைத் தெரிந்துகொண்டு தட்டினாலும், அது வருகிற இடங்களையெல்லாம் கணினி குவித்துவிடும். எது அமலிலிருப்பது, எது நீக்கப்பட்டது, எது தன் மாட்டைப் பற்றியது என்று பிரித்து வைக்க ஒரு மனிதன் உட்கார்ந்தாக வேண்டும். கணினி அவனுக்கு ஏவலாளாயிருக்கலாம். அதை நாமும் ஏவிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மூன்று மாதத் திட்டம் நான்கு வருஷமாகிறது. டின்கள் இப்போது ஐந்து. சென்ற வாரம் பெரியவர் பேத்தியோடு வந்தார். கண் மங்கிவிட்டது, ஆகவே அவள் சீட்டுகளை வரிசையாகப் படிக்க, நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பவுண்டுச் சீட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரிவும் எண்ணும் தொகையும் அவள் படித்து முடிக்கும் வரையில் பேசவில்லை. பிறகு, “ஏன் தம்பி, தாய்கூட வந்த கன்னுக்குட்டிக்கும் இதே தொகைதானா? அன்னிக்கு மூணுல ஒண்ணு கன்னு” என்றார்.

சீட்டில் கன்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவரை இருக்கச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து கெஜட்டுப் பிரதியை மறுபடியும் எடுத்தோம்.